மின்னல் துரத்திய மேஜர்

கேள்வி: வெலிமடைப் பக்கத்துப் பேய்களில் பெயர், முகவரியோடு ஏதாவது உண்டா?

பதில்: பெரும்பாலானவற்றுக்கு இல்லை. தோட்ட லயங்களின் முனியும் கொள்ளிவாய்ப் பிசாசும் கூலிக் கப்பலேறித் தமிழகத்திலிருந்து வந்தவை. அப்படி வந்தவர்களில் 1948இல் இலங்கைக் குடியுரிமை பறிபோகாத ஒரே கூட்டம் இவைதான். கைக்குழந்தையோடு வரும் மோகினி சிங்களக் கிராமங்களுக்கும் பொது.

முகவரியுள்ளவர் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். பதுளையில் அரச அதிகாரி. 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் புதைத்த பிறகும் கல்லறையில் இடி விழுந்ததாம், அதுவும் ஆண்டுதோறும். யானைகளின் சாபம் என்பது ஊர்த் தீர்ப்பு. மலை உச்சிகளில் இடி விழுவது இயற்கை என்பதை யானைகள் மறுக்கவில்லை. கல்லறை கோல்ஃப் மைதானத்தருகே இருக்கிறது. மழைநாளில் போக வேண்டாம்.