பொம்மைப் புத்தகத்துக்கு வயசு கேட்ட மாப்ளைக்கு

படக்கதையெல்லாம் சின்னப் புள்ளைக சமாச்சாரம்னு சொல்லிட்டுத் திரியுற. சொல்லு மாப்ள, உன் வாய், உன் பேச்சு. ஆனா மட்டாஞ்சேரி அரண்மனை வாசல்ல நின்னு மட்டும் அதைச் சொல்லிராத. அங்க கண்ணாடி போட்ட பேராசிரியருகளும், வெயில்ல வெந்து செவந்த வெள்ளைக்காரங்களும் டிக்கெட் எடுத்துட்டு நிக்கிறது எதுக்குங்கிற? படக்கதை பாக்கத்தான். ராசாவோட பள்ளியறைச் சுவத்துல ராமாயணம் ஓடுது. தசரதன் வேள்வியில ஆரம்பிச்சு ராமன் அயோத்திக்குத் திரும்புற வரைக்கும், காட்சி காட்சியா, ஏறத்தாழ 300 சதுர அடிக்கு. 1555 வாக்குல போர்ச்சுகீசியன் கட்டிக் கொச்சி ராசாவுக்குக் குடுத்த வீடு அது. பின்னால வந்த டச்சுக்காரன் மராமத்துப் பாத்தான், பேரை அவன் தட்டிட்டுப் போயிட்டான். இன்னிக்கும் டச்சு அரண்மனைங்குறாங்க. கட்டினவனுக்குப் பேரில்ல, பூசினவனுக்குப் பேரு. சரி, ஊர் வழக்கம்தானே.

நான் கேக்குறது ஒண்ணுதான். அந்தப் படத்தையெல்லாம் பாத்துக்கிட்டே தூங்குன ராசாவுக்கு என்ன, ஆறு வயசா?

அப்படியே கீழ்த்தளத்து அறைக்கு இறங்கு. கிருஷ்ணனைச் சுத்திக் கோபிமாருக. மோகினியைப் பாத்துச் சிவனே தடுமாறி நிக்கிறாரு. ‘8 வயசுக்கு மேல்’, ‘18-க்கு மேல்’னு யாரும் சுவத்துல சீட்டு ஒட்டலை. நடுவுல ஒரு படிக்கட்டு வெச்சான், சோலி முடிஞ்சுது. உங்க ஆன்லைன் கடைக்காரன் எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் வயசு கேக்குறான். நீயும் அவனாட்டமே வந்து, “புள்ளைகளுக்குப் புதுசா என்ன காமிக்ஸ் வந்திருக்கு மாமா?”ங்குற. புள்ளைகளுக்காம்! வீட்டுல இருக்கிறதே அஞ்சு பேரு. அதுல யாரு புள்ளை, யாரு பெரிய மனுசன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. அக்கா மகங்கிற பாத்தியதையில ஆளுக்கொண்ணாச் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல வாங்குற லட்சணம். கெட்டி அட்டை, வழுவழு தாள்னு மயங்காத. நான் கணக்கெழுதிக் கெழவனான இந்த பஜார் ரோட்டுல, மிளகு வாங்குறவன் கறுப்பா மினுக்குதான்னா பாக்குறான்? ஒரு லிட்டர் அள்ளி நிறுக்குறான். 550 கிராம் நின்னா அது சரக்கு. நிக்கலைன்னா உள்ள பொக்கு. புத்தகத்தையும் அப்படி நிறுத்துப் பாரு. நடுவுல ஒரு பக்கத்தைப் பிரி, பேச்சையெல்லாம் கட்டைவிரலால மறை. படம் தானாக் கதை சொன்னா எடு. விரலை எடுத்தாத்தான் வெளங்குதுன்னா வெச்சுட்டு வா.

உன் மகனுக்கு ஆஸ்டெரிக்ஸ். 2025 அக்டோபர்ல 41-வது புத்தகம் வந்துச்சு. இந்தத் தடவை ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் லூசித்தானியாவுக்குப் போறாங்க. ரோமாபுரிக்காரன் காலத்துல போர்ச்சுகல் பக்கத்துக்கு அதான் பேரு. 1500-ல கப்ரால் கப்பல் கொச்சிக்கு வந்து மிளகு ஏத்திட்டுப் போச்சே, அவனோட முப்பாட்டன் பூமி. உண்டாக்குன கோசினியும் உடெர்சோவும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப ஃபாப்காரோ எழுத, கோன்ராட் வரையுறாரு. மொதலாளி மாறியும் கடை படுக்கலை. பையன் அடிதடியைப் பாத்துச் சிரிப்பான். நீ பக்கத்துல உக்காந்தா வேற எடத்துல சிரிப்ப. ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல சிரிச்சீங்கன்னா ஒண்ணு அவன் வளந்துட்டான்னு அர்த்தம், இல்ல நீ வளரலைன்னு அர்த்தம்.

அது வேணாம்னா இருக்கவே இருக்கான் சுப்பாண்டி. 1983-லேர்ந்து டிங்கிள்ல குப்பை கொட்டுறவன். நம்ம தமிழ்நாட்டு நாட்டுக்கதையில பொறந்த பய. சொன்னதைச் சொன்னபடியே செஞ்சு வீட்டைக் கவுக்குற வேலைக்காரன். காக்கநாட்டுல உன் கம்பெனியில அப்படிப்பட்டவனுக்குத்தான் இப்ப பதவி உயர்வுன்னு கேள்விப்பட்டேன்.

மக ப்ளஸ் டூ படிக்கிறவ, புத்தகத்தைப் பின்னட்டையிலேர்ந்து பிரிக்கிறான்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த. ஜப்பான்காரனோட மாங்கா வலதுலேர்ந்து எடதுக்குத்தான் ஓடும். மட்டாஞ்சேரியில குடியிருந்துக்கிட்டு இதுக்கா ஆச்சரியப்படுற? யூதத் தெருவுல யூதருக தொழுகிற பள்ளி 1568-ல கட்டுனது. அன்னிலேர்ந்து எபிரேயத்தை வலதுலேர்ந்துதான் படிச்சாங்க. கொச்சங்காடி செம்பிட்டப் பள்ளிவாசல்ல அரபியும் அப்படித்தான். மலையாளத்தான் மட்டும் என்ன லேசுப்பட்டவனா? 1957-லேர்ந்து மனோரமா வாரப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்துலதான் தொறந்தான். டாம்ஸ் வரைஞ்ச போபனும் மோளியும் அங்கதான் குடியிருந்தாங்க. அதனால அவளைத் திருத்தாத. ‘ஒன் பீஸ்’ 1997-ல ஆரம்பிச்சது, 100 தொகுதியைத் தாண்டியும் முடியலை. எப்ப முடியும்னும் கேக்காத. உங்கம்மா பாக்குற சீரியலை யாராச்சும் கேட்டமா?

உன் பொண்டாட்டிக்கு, அதாவது என் மகளுக்கு, டெஸ்ஸா ஹல்ஸ் எழுதி வரைஞ்ச ‘ஃபீடிங் கோஸ்ட்ஸ்’. 2024-ல வந்துச்சு, 2025-ல புலிட்சர் வாங்குச்சு. 1992-ல ஆர்ட் ஸ்பீகல்மானோட ‘மௌஸ்’ புத்தகத்துக்குப் புலிட்சர் குடுத்தப்ப, தனியாச் சிறப்புப் பரிசுன்னு குடுத்து ஓரமா உக்கார வெச்சாங்க. இப்ப தன்வரலாற்றுப் பிரிவுலயே எழுத்துக்காரங்களோட ஒரே பந்தி. ஷாங்காய்ல பத்திரிகைக்காரியா இருந்து, ஹாங்காங்குக்குத் தப்பிப் போய், மனசு பேதலிச்ச பாட்டி. அவளைச் சொமந்த மக. ரெண்டு பேரையும் பாத்து வளந்த பேத்தி. மூணு தலைமுறைப் பொம்பளைகளோட கணக்கு. என் மக அதைப் படிச்சு முடிச்சதும் கொஞ்ச நாளு என்கிட்டயும் பேசமாட்டா, உன்கிட்டயும் பேசமாட்டா. உங்க அத்தைக்கு மட்டும் போன் போடுவா. பொறுத்துக்க.

உங்கம்மாவுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தர வேண்டியதில்ல. 1972 சனவரியில சிவகாசியிலேர்ந்து முத்து காமிக்ஸ் முதல் புத்தகமா ‘இரும்புக்கை மாயாவி’ வந்துச்சு. கரண்டு பாஞ்சா ஆளு மறைஞ்சுருவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல நிக்கும். இங்கிலாந்துச் சரக்குதான், ஆனா அப்ப எங்க ஊரு போடியில அவனைத் தெரியாத ஆளு கெடையாது. அக்கா அதை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சுப் படிச்சா. பொம்மைப் புத்தகம் படிச்சாப் புத்தி மழுங்கும்னு எங்கப்பா திட்டுவாரு. திட்டிட்டு, வீடு அசந்த நேரத்துல அவரே பானைக்குள்ள கையை விடுவாரு. 1984-ல லயன் காமிக்ஸ் வந்துச்சு, ராணி காமிக்ஸும் அதே வருசம். அன்னிக்குப் படிச்சவங்கதான் இன்னிக்கும் சந்தா கட்டி டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் வரவழைக்கிறாங்க. கேப்டன் டைகரோட ‘மின்னும் மரணம்’ 2015-ல ஒரே கட்டா வந்துச்சு பாரு, அதைப் பேரன் எடுத்துருவானேன்னு பீரோவுல பூட்டி வெச்சிருக்கிற தாத்தாமாருகளை எனக்குத் தெரியும். சின்னப் புள்ளைக சமாச்சாரம்னியே? சாவி யாரு இடுப்புல தொங்குதுன்னு பாத்துக்க.

உங்க சித்தப்பா ஒருத்தரு இருக்காரே, விடியுறதுக்கு முன்னாடியே வாட்சப்புல கலவரச் சேதி அனுப்புறவரு. அவருக்கு ஜோ சாக்கோ. 2013-ல உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர்ல நடந்த கலவரத்தைப் பத்தி, ஆளுகளைத் தேடிப் போய்ப் பேசி வரைஞ்ச புத்தகம் 2025-ல வந்திருக்கு. ‘தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் ரயட்’னு பேரு. ஒவ்வொரு தரப்பும் நடந்தது இதுதான்னு தன் கதையைச் சத்தியம் பண்ணிச் சொல்லுது. சித்தப்பாவுக்கு அது பிடிக்கும்னு நான் சொல்லலை. ஆனா அச்சுப் புத்தகத்தை அவரால ஃபார்வர்டு பண்ண முடியாது பாரு, அந்த நிம்மதி ஒண்ணு போதும்.

இப்ப உனக்கு வருவோம். உனக்கு ரெண்டு வியாதி. நாளெல்லாம் செயற்கை நுண்ணறிவு, செயற்கை நுண்ணறிவுன்னு பேசுறது ஒண்ணு. அதுக்கு மருந்து நம்ம மலையாளத்துக்காரரு அப்பூப்பன் கையில இருக்கு. பிரெஞ்சு விஞ்ஞானி லோரான் தொதேயோட சேந்து ‘ட்ரீம் மெஷின்’னு ஒண்ணு பண்ணியிருக்காரு. 2023-ல பிரெஞ்சுல வந்து, அப்புறம் இங்கிலீஷுக்கும் வந்துச்சு. சின்ன நுண்ணறிவுக் கம்பெனி நடத்துற ஒருத்தன் முன்னால, பெரிய கம்பெனி ஒண்ணு பணத்தோட வந்து நிக்குது. கையெழுத்துப் போடுறதா, வேணாமா? நீ எதுல கையெழுத்துப் போட்டேன்னு நான் கேக்கலை. இதே அப்பூப்பன் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ஹலஹலா’ன்னு பேச்சே இல்லாம ஒரு புத்தகம் போட்டிருக்காரு. எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எத்தனை வயசுன்னு போடுவான் உன் கடைக்காரன்?

ரெண்டாவது வியாதி, “இந்தக் காலத்துல சாதியெல்லாம் எங்க மாமா இருக்கு?”ங்குறது. அதுக்குப் ‘பீமாயணம்’. 2011-ல வந்தது, புதுசு இல்லைதான். நீ படிக்காத வரைக்கும் உனக்குப் புதுசுதானே? தமிழ்லயும் கெடைக்குது. அம்பேத்கருக்குத் தண்ணி மறுத்த கதை, தங்க எடம் மறுத்த கதை, வண்டி மறுத்த கதை. வரைஞ்சது மத்தியப் பிரதேசத்து கோண்டு ஓவியருக, துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். எங்க ஆளுகளைக் கட்டத்துக்குள்ள அடைக்க மாட்டோம்னுட்டாங்க ரெண்டு பேரும். அதனால பக்கத்துல பொட்டி பொட்டியாக் கோடு கெடையாது, எல்லாம் காத்தாடத் திறந்து கெடக்கு. அன்பாப் பேசுறவன் பேச்சு ஒரு பறவைக்குள்ள எழுதியிருக்கு. விசத்தைக் கக்குறவன் பேச்சுக்கு வாலுல தேள் கொடுக்கு. மனசுக்குள்ள நெனைக்கிறதுக்கு ஒரு கண்ணு. படிச்சு முடிச்சிட்டு, நீ வாய்க்கு வந்தபடி பேசுறதுக்கெல்லாம் பறவையா, கொடுக்கான்னு நீயே வரைஞ்சு பாரு. எனக்குக் காட்ட வேணாம்.

இதெல்லாம் நேத்து முளைச்ச மேல்நாட்டுக் கொழுப்புன்னும் நெனச்சிராத. சினிமா எடுத்தாரே அரவிந்தன், அவரு 1961-லேர்ந்து 1973 வரைக்கும் மாத்ருபூமியில ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்’ வரைஞ்சாரு. வாராவாரம் ராமுன்னு ஒரு பையன் வளந்து, வேலை தேடி, பெரிய மனுசனாகிக் கெட்டுப்போன கதை. நர்மதை அணையைப் பத்தி ஓரிஜித் சென் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ போட்டது 1994-ல. 2022-ல சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் மறுபடி அச்சுப் போட்டது. அணை கட்டி முடிச்ச பெறகுதான் ஊருக்குப் படம் பாக்க நேரம் கெடைச்சுது.

கடைசியா, குடுக்குற முறை. வாங்கிட்டு வந்து, “நல்ல புத்தகம், படிங்க”ன்னு மேசையில வெச்சிராத. நல்லதுன்னு சொன்னதை எந்தப் புள்ளை தொட்டிருக்கு? பீரோ மேல்தட்டுல பழைய துணிக்கு அடியில வை. என் மககிட்ட, புள்ளைக காதுல விழுறாப்புல, “இதெல்லாம் பெரியவங்க படிக்கிறது, யாரும் எடுத்துறாம பாத்துக்க”ன்னு சொல்லு. ராத்திரிக்குள்ள பீரோ காலியாகும். மகனுக்கு வாங்குனது பாட்டிகிட்ட இருக்கும், பாட்டிக்கு வாங்குனது மககிட்ட இருக்கும். கண்டுக்காத. பீமாயணத்தை மட்டும் ஒளிக்காத. அதை ஆபீஸ்ல உன் மேசைமேல, வர்றவன் போறவன் கண்ணுல படுறாப்புல வை. எவன் வந்து “என்ன சார், காமிக்ஸா?”ன்னு பல்லைக் காட்டுறானோ, அவன் கையிலதான் முதல்ல குடுக்கணும். திருப்பித் தரமாட்டான். நீ இன்னொண்ணு வாங்கிக்க, சம்பளந்தான் வருதுல்ல.