சீக்காளியும் சேக்காளியும்

ஏலே தம்பி, செத்த இப்பிடி உக்காரு. கையில என்ன? ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா? சரி. மூஞ்சியில என்ன? இழவு வீட்டுக் களை. சேக்காளிக்குப் புத்துநோய்னு தெரிஞ்சதும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டியாக்கும். அங்க போனதும் அவந்தான் ஒனக்கு ஆறுதல் சொல்லி பஸ் ஏத்தி விடணும்.

இப்பல்லாம் சீக்காளிய விட, பாக்க வாறவந்தான் பெரிய சீக்கோட வாறான். ஒருத்தன் முள்சீத்தா இலைய அவிச்சுக் குடிங்கான். ஒருத்தன் வாட்ஸப்புல கோதுமைப்புல் சாறு அனுப்புதான். இன்னொருத்தன், 'பாசிட்டிவா இருங்க அண்ணாச்சி'ங்கான். குடல் வெளிய வர வாந்தி எடுக்கவன் எப்பிடில பாசிட்டிவா எடுப்பான்?

அடுத்து வாறவன் ஞானி. 'வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்'பான். அப்பிடின்னா கீமோவ நிப்பாட்டிட்டு கவுண்டமணி செந்தில் படத்த ஓட்டிர வேண்டியதுதான? கட்டியக் கரைக்கது மருந்துதாம்டே. மருந்து எறங்கி முடியிற வரைக்கும் கட்டில்ல கெடக்கான் பாரு, அந்த நேரத்தத் தள்ளி விடத்தான் சிரிப்பு.

1995-ல பம்பாயில மதன் கட்டாரியான்னு ஒரு டாக்டரு, பார்க்குல நாலஞ்சு பேரச் சேத்துச் சிரிப்பு மன்றம் தொடங்குனாராம். மொதல்ல துணுக்கு சொல்லித்தான் சிரிச்சிருக்காங்க. ரெண்டு வாரத்துல சரக்கு தீந்து போச்சு. அப்புறம் காரணமே இல்லாம கையத் தூக்கிச் சிரிக்கப் பழகிட்டாங்க. பாவம், டவுனுக்காரங்க. நானும் என் சேக்காளியும் அரை டவுசர்லருந்து கூட்டு. எங்களுக்குப் பழைய சரக்கே இன்னும் வித்து முடியல.

அவனுக்குக் கழுத்துல நெறி கட்டி, லிம்போமான்னுட்டாங்க. இருவத்தோரு நாளைக்கு ஒருக்க மருந்து. அதுல ஒண்ணு செக்கச்செவேல்னு எறங்கும். மொத தடவ ஏத்துன அன்னிக்கு கக்கூஸுக்குப் போனவன், 'ஏலே, நான் முடிஞ்சேன், ரத்தமாப் போகுது'ன்னு அலறுதான். நர்ஸம்மா ஓடி வந்து, 'தாத்தா, அது மருந்தோட நெறம், ரெண்டு நாள்ல சரியாயிரும்'னுச்சு. நான் சும்மா இருப்பனா? 'கல்யாண வீட்டுல ஆரத்தி கரைக்க இனி சுண்ணாம்பு தேட வேண்டாம்டே'ன்னேன். பக்கத்துக் கட்டில்காரரு சிரிச்ச சிரிப்புல ஊசி கழண்டுரும்னு நர்ஸம்மா என்னய வெளிய வெரட்டிருச்சு.

இப்பிடிப் பேச அறுவது வருசப் பழக்கம் வேணும், பாத்துக்க. ஃபேஸ்புக்குல நேத்துச் சேந்தவன் பேசுனா செருப்படிதான்.

அந்த மருந்துக்கு வேகமா வளருத செல்லக் கண்டா ஆகாது. கட்டியவும் அடிக்கும், முடி வேரயும் அடிக்கும், வாயயும் புண்ணாக்கும். முடி பூராவும் கொட்டுன அன்னிக்கு, 'திருச்செந்தூர் முருகனுக்கு நேந்தத டாக்டரு வாங்கிட்டாருல'ன்னு மண்டையத் தடவுதான். இப்பச் சொல்லு, புண்ணு வாயால ஒன் ஆப்பிள எப்பிடிக் கடிப்பான்? நல்லாக் கொழைஞ்ச கஞ்சி கொண்டு போ. மூக்கு ஒழுகுச்சுன்னா அந்தத் தெருப்பக்கமே போவாத. மருந்து ஏத்தி ஒரு வாரத்துக்கு மேல வெள்ளணு கொறைஞ்சு கெடக்கும். நீ ஒரு தும்மல் போட்டா அவன் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு ஓடணும். போன்ல கூப்பிட்டு வையி. சளி போன் வழியா ஒட்டாது.

என் ஆளுக்கு மருந்தெல்லாம் முடிஞ்சு முடி மொளைச்சிருக்கு. முந்தி கோரை முடி, இப்பச் சுருட்டை! அப்பிடி வாறதும் உண்டுன்னு டாக்டரே சொல்லுதாரு. இவன் என்னடான்னா சட்டப்பையில சீப்பு வச்சுக்கிட்டுத் திரியுதான். 'எந்தூர்லடே பொண்ணு பாத்துருக்க?'ன்னு கேட்டேன். 'அது கெடக்கட்டும், நீ தர வேண்டிய கடல மூட்டக் காச எப்பத் தருவ?'ங்கான்.

படுத்துக் கெடந்தப்ப அத மறந்துட்டாம்னுல்லா நெனச்சேன்!