கொல்லாவிதியும் கையில் ஒட்டிய கபாலமும்: மேல்மலையனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர்க்காவலைத் தாமாகவே ஏற்றுக்கொண்டு, வில்லனின் எலும்பை முறித்த பின்னும் உயிரை மட்டும் விட்டுவைப்பவர் சூப்பர் ஹீரோ எனவும், அவ்வாறு விட்டுவைக்கும் கட்டுப்பாடு கொல்லாவிதி எனவும் இங்கு வரையறுக்கப்படுகின்றன. இவ்விதி பிறவிக்குணம் அன்று. 1939இல் தோன்றிய பேட்மேன் தொடக்கத்தில் தாராளமாகவே கொன்றார் என்பதும், 1940இல் அவர் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதைக் கண்ட பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வர்த் இனி அது கூடாதென்று தடுத்தார் என்பதும் பதிவான செய்திகள்.

இவ்விதியை மீறலாமா என்போர் அமெரிக்காவையே சுற்றிவருவது வியப்புக்குரியது. செஞ்சியில் பேருந்து ஏறினால் எட்டிவிடும் மேல்மலையனூரில் இவ்வழக்கு எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. ஐந்து தலைகளோடிருந்த பிரமனின் ஒரு தலையைச் சிவன் கொய்ததும், பிராமணனைக் கொன்றாரைப் பற்றும் பழியாகிய பிரமகத்தி தோஷம் அவரைப் பற்றிக்கொள்ள, அந்தக் கபாலம் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாக விழுந்த சோற்றையெல்லாம் தானே தின்றுதீர்த்தது என்கிறது தலபுராணம். இதில் ஆய்வாளர் ஊன்றி நோக்கவேண்டியது, பிரமன் இறக்கவேயில்லை என்பதாகும். எஞ்சிய நான்கு தலைகளோடு அவர் இன்றும் படைப்புத் தொழிலில்தான் இருக்கிறார். கொலை முழுமையடையாதபோதே பட்டினி என்றால், முழுக்கொலைக்கு என்ன கிடைக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சிவனின் வீரச்செயல்கள் நிகழ்ந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களை எதிர்வாதமாகக் காட்டுவோர் உளர். ஆனால் கொறுக்கையில் எரிந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறும், கடவூரில் உதைபட்ட எமன் பழைய பதவிக்கும், பறியலூரில் தலையிழந்த தக்கன் ஆட்டுத்தலையோடும் மீண்டுவிட்டனர். 1992இல் சாகடித்த சூப்பர்மேனை மறு ஆண்டே எழுப்பிய காமிக்ஸ் நிறுவனத்தார் இந்த உத்தியைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கருத இடமில்லை.

அதே சூப்பர்மேன் 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வில்லன் ஜோடின் கழுத்தை முறித்து ஓலமிடுகிறார். எனினும் கையில் எதுவும் ஒட்டவில்லை, படம் முடிவதற்குள் பத்திரிகை அலுவலகத்தில் வேலையும் கிடைத்துவிடுகிறது. தமிழ் காமிக்ஸ் வாசகர் நன்கறிந்த வேதாளரின் மண்டையோட்டு மோதிரமோ குத்து வாங்கியவன் தாடையில் முத்திரை பதிக்கிறது. மேல்மலையனூர் நெறிப்படி அது குத்தியவர் கையில் அல்லவா பதியவேண்டும்!

சிவனின் பழி தீர்ந்த முறையும் கருதத்தக்கது. மேல்மலையனூரில் கோயில் கொண்ட அவர் துணைவி அங்காளம்மன் சமைத்த உணவை மயானத்தில் இறைக்க, கபாலம் ஆசைப்பட்டுக் கீழிறங்க, அம்மன் விசுவரூபமெடுத்து அதைக் காலால் மிதித்தாள். இதன் நினைவாக மாசி அமாவாசையில் நடப்பதே மயானக் கொள்ளை. சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு எனப் பக்தர்கள் சூறையிடுவதால், அதாவது வாரி இறைப்பதால், ஒரு வீரர் விதியை மீறியதற்கான செலவை ஆண்டுதோறும் ஊரே ஏற்கிறது. எனவே கொல்லாவிதியை மீற விரும்புபவர் வீட்டில் சமைக்கவும் மிதிக்கவும் வல்லவர் ஒருவர் இருத்தல் வேண்டும். பேட்மேன் மணமாகாதவர், சமையலுக்குப் பணியாளர் ஆல்பிரட் உண்டு என்றாலும், விசுவரூபம் எடுப்பது அவருடைய வேலையில் சேர்ந்ததன்று.