பச்சை வயர் பதில்கள்

கே: கார் ஷெட்டை அறையாக மாற்றுகிறோம். பழைய வயரிங் மேலேயே ஜிப்சம் போர்டு அடித்து மூடிவிடலாமா? (கான்சாபுரம் வாசகர்)

ப: கூடவே கூடாது! ஒரே ஒரு குண்டு பல்புக்காக என்றைக்கோ இழுத்த வயர் அது. இனி அந்த அறையில் ஏசி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் குடியேறப்போகின்றன. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 4. எல்லா பிளக்குக்கும் எர்த்தான பச்சை வயர் போயே ஆக வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயின்ட் இந்தப் பகுதியின் ஜென்ம விரோதி!

வயர் பிவிசி பைப்புக்குள் போகட்டும். ஜிப்சம் போர்டைத் தாங்கும் ஜிஐ சேனலின் வெட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். வயர் அதில் உரசித் தோல் கிழிந்தால் சட்டம் முழுக்க மின்சாரம் ஏறிவிடும். அதனால் சட்டத்துக்கும் எர்த் கொடுங்கள். ஜாயிண்ட் எதையும் போர்டுக்குப் பின்னால் புதைக்காமல், திறந்து பார்க்கிற ஜங்ஷன் பாக்ஸில் வையுங்கள். போர்டு அடிக்கும் முன் அளவு டேப்பைப் பக்கத்தில் விரித்து, சுவரைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சாமி படம் மாட்ட டிரில் எடுக்கும்போது சாமிக்கு முன் அந்தப் படம்தான் காப்பாற்றும்.

கே: ஜாயிண்டில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

ப: போதும், கிரிக்கெட் பந்துக்கு.

கே: ஜிப்சம் போர்டு மழைக்குத் தாங்குமா? (ராஜபாளையம் வாசகர்)

ப: தீக்குத் தாங்கும், தண்ணீருக்குத் தாங்காது. 1894-இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை வாங்கிய பலகைதான் இதன் மூதாதை. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதற்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர். தீப்பிடித்தால் அது ஆவியாகி வெளியேறும். அதுவரை பின்பக்கம் பெரிதாகச் சூடேறாது. ஆனால் வெளியிலிருந்து ஈரம் ஏறினால் மேல்தாள் உப்பும், பூஞ்சை பிடிக்கும், கரையானுக்கும் விருந்து. ஐப்பசி, கார்த்திகையில் ஷெட் தரை ஓதம் காக்கிறதா என்று பாருங்கள். காத்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போர்டைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடியுங்கள். நனையக்கூடிய அடிப்பகுதிக்கு சிமென்ட் ஃபைபர் போர்டு நல்லது.

கே: ஃபால்ஸ் சீலிங்கில் என்ன கலர் லைட் போடலாம்?

ப: கலரைப் பச்சை வயரிலிருந்து ஆரம்பியுங்கள்.

கே: எம்சிபி இருந்தும் கிரைண்டரைத் தொட்டால் சுரீர் என்கிறதே? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

ப: அம்மா, இதில் விளையாட்டு வேண்டாம். மெயினை அணைத்து, கிரைண்டர் பிளக்கை இப்போதே பிடுங்கிவிடுங்கள். எம்சிபி காப்பது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் விழும். உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகக்கூடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போடுங்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து எர்த்தையும் அளந்துவிடுங்கள். அதுவரை ஆட்டுக்கல்லில் அரைத்தாலும் பரவாயில்லை, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கே: ஷெட்டில் பெட்டிக்கடை வைத்தால் வீட்டு இணைப்பே போதுமா? (வத்திராயிருப்பு வாசகர்)

ப: போதாது. மின்வாரியத்தில் வணிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். கடைக்கு ஐஸ்கிரீம் பெட்டி வந்தால், அதன் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள்!