கஷ்டம், கான்கிரீட், கேமரா

லண்டன் நகராட்சிக் குடியிருப்பில் வழிதவறிய இளைஞர்களைப் பற்றிப் படம் எடுப்பது சுலபம். சாம்பல் நிறச் சுவர், ஹூடி, மாடிப்படியில் கைமாறும் பொட்டலம், ஓயாத மழை. கதை மெதுவாக வந்து சேரட்டும்.

செலவும் குறைவு. ராப் பாடகர் பென் ட்ரூ 2012இல் இயக்கிய ‘இல் மேனர்ஸ்’, ஒரு லட்சம் பவுண்டில் படம் முடிக்கச் சொல்லும் திட்டத்தில் உருவானது.

தெற்கு லண்டனின் ஹேகேட் குடியிருப்பு 1974இல் முடிந்தது. இடிக்கப்படுவதற்குள் அது கிட்டத்தட்ட முழுநேர நடிகராகிவிட்டது. ‘ஹாரி பிரவுன்’ (2009) படத்தில் மைக்கேல் கெய்ன் அங்கேதான் ரவுடிப் பையன்களைத் துப்பாக்கியோடு துரத்தினார். ‘அட்டாக் த பிளாக்’ (2011) வந்தபோது வேற்றுக்கிரக மிருகங்களும் இறங்கின. அவற்றுக்கும் பணக்காரப் பேட்டை கண்ணில் படவில்லை, பாவம்!

பக்கத்து எய்ல்ஸ்பரி குடியிருப்பின் கதை இன்னும் விசேஷம். நிகழ்ச்சிகளுக்கு இடையே காட்டுவதற்காக அங்கே எடுத்த தன் அடையாளக் காட்சியில் சேனல் 4 தொலைக்காட்சி துணிக்கொடிகள், குப்பைப் பைகள், ஒரு தள்ளுவண்டி எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொண்டது. இருந்த வறுமை கேமராவுக்குப் போதவில்லை போலும். அந்தக் காட்சி வருடக்கணக்கில் ஒளிபரப்பானது. கடுப்பான குடியிருப்புவாசிகள் கடைசியில் அதே காட்சியைக் குப்பையில்லாமல் தாங்களே எடுத்துக் காட்டினார்கள்.