போர்ட்ஃபோலியோ படும் பாடு

மும்பை மாதுங்காவில் ஒரு பிள்ளை பன்னிரண்டாவதை எட்டிவிட்டால் வீட்டில் கேள்வி ஒன்றுதான்: இன்ஜினீயரிங்கா, மெடிக்கலா? என் அக்கா மகள், “ஆர்க்கிடெக்சர்” என்றாள். அத்திம்பேர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, “அதுக்கு என்ட்ரன்ஸ் உண்டோ?” என்றார். உண்டு என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. என்ட்ரன்ஸ் இல்லாத படிப்பை அவர் படிப்பாகவே மதிப்பதில்லை.

நம் நாட்டு வழக்கம் அவருக்குத் தோதானது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் 2006 முதல் நடத்தும் ‘நாட்டா’, அல்லது ஜேஇஇ மெயின் இரண்டாம் தாள். இரண்டிலும் படம் வரையவேண்டும்தான்; ஆனால் ஹாலில் உட்கார்ந்து, அவர்கள் கேட்டதை, மணி அடிப்பதற்குள்.

வெளிநாட்டுக்கும் போட்டுப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னதில் வந்தது வினை. லண்டன் பார்ட்லெட்டுக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது வரைந்தவற்றின் தொகுப்பு, வேண்டும். நியூயார்க் கூப்பர் யூனியனோ வீட்டிலிருந்தே செய்து அனுப்பும்படி ‘ஸ்டூடியோ டெஸ்ட்’ ஒன்றைத் தருகிறது. மார்க்கோடு நிற்காமல், நீ எதை எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் என்ன பேசுவது? அத்திம்பேர் அவளுடைய எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் சர்ட்டிபிகேட்டுகளை லாமினேட் செய்துகொண்டு வந்தார். மகாராஷ்டிரத்தில் அந்தப் பரீட்சைக்காகக் குடமும் கத்தரிக்காயும் வரையாத குழந்தை அபூர்வம்.

பிறகு போர்ட்ஃபோலியோ கிளாஸ். “தாராவி போடு, அவங்களுக்கு அது பிடிக்கும்” என்றார் வாத்தியார். எங்கள் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். ஆனால் கிளாஸ் மொத்தமும் அதைச் செல்போனில் பார்த்து வரைந்தது: நீலத் தார்ப்பாய், தகரக் கூரை, ஓர் ஆடு. எல்லாருடைய தனித்துவமும் ஒரே மாதிரி இருந்தது.

தாராவியின் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் வீடு கட்டித்தரும் நெல்லைக்கார மேஸ்திரி ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு மாடி, வெளிச்சுவரை ஒட்டிச் செங்குத்தாக இரும்பு ஏணி, பிடித்து ஏற உச்சியிலிருந்து தொங்கும் கயிறு. ஏணி ஏன் வெளியே என்று கேட்டாள். “உள்ள வச்சா ஒரு ஆளு படுக்க எடம் போயிரும்லா, பாப்பா! வெளிய இருந்தா மாடிய வாடகைக்கும் விடலாம்.” இவள் ஏணியை அளந்து, கயிற்றின் முடிச்சுவரை வரைந்தாள். “இதுல கிரியேட்டிவிட்டி எங்கே?” என்றார் வாத்தியார்.

பம்பாய் ஜே.ஜே.யில் படித்த ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி, 1951இல் பெரிய ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியேவிடம் வேலை கேட்டபோது, கைப்பட விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்களாம். எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். 2018இல் ஆர்க்கிடெக்சருக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நல்லவேளை, அவர் காலத்தில் போர்ட்ஃபோலியோ கிளாஸ் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிய நாட்டாவிலேயே இவளுக்கு இங்கே சீட் கிடைத்துவிட்டது. அத்திம்பேர் போர்ட்ஃபோலியோ ஃபைலைப் பரணில் ஏற்றினார். பின்னால் படிப்பின் நடுவே டிரெயினிங்குக்கு அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறியபோது அதை இறக்கவேண்டி வந்தது. அங்கே நாட்டா மார்க்கை ஒருவரும் கேட்கவில்லை, போர்ட்ஃபோலியோவைத்தான் கேட்டார்கள்.