பத்தரை டோல் வலி

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, எடைக்குத் தராசு இருக்கிறது, வலிக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை? நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூன்று பேருக்கு இந்தக் கவலை வந்தது. ஜேம்ஸ் ஹார்டி, ஹரோல்ட் உல்ஃப், ஹெலன் குடெல். சோதனைக்கு ஊரான் பிள்ளையைப் பிடிக்காமல் தங்கள் நெற்றியையே கொடுத்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான்.

நெற்றியில் கறுப்பு மை பூசிக்கொண்டு உட்கார வேண்டும். தோலின் நிறம் கணக்கைக் கெடுத்துவிடக்கூடாதாம். எதிரே ஒரு பெரிய விளக்கு. அதன் வெளிச்சத்தை லென்ஸ் வழியாகக் குவித்து மூன்று விநாடி நெற்றியில் அடிப்பார்கள். சுள்ளென்று குத்தினால் சொல்லிவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு யாரோ பேய் ஓட்டுகிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் 1940இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

பிறகு வலிக்கு ஓர் அலகும் பிறந்தது: டோல். உச்சம் பத்தரை. அந்த அரை எதற்கு என்று கேட்காதீர்கள். சூட்டைக் கூட்டக் கூட்ட ஆட்களால் பிரித்துச் சொல்ல முடிந்த படிகள் இருபத்தொன்று, இரண்டு படி சேர்ந்தால் ஒரு டோல். கணக்கில் குறையே சொல்ல முடியாது.

கணக்கு சரியாக இருந்தால் விஞ்ஞானிக்குக் கை சும்மா இருக்குமா? பிரசவ அறைக்குள் போனார்கள். இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணிடம், வலி சற்று ஓயும் இடைவெளியில் கையைச் சுட்டு, “அந்த வலி இந்த அளவா, இன்னும் கூடவா?” என்று கேட்டார்கள். பத்தரை வரை போனதில் கை வெந்துபோனதும் உண்டு. பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவள் விளக்கைப் பிடுங்கி எறியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தக் கட்டடத்தைச் சாய்த்தவர் ஹென்றி பீச்சர், பாஸ்டனின் மயக்க மருந்து மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய முனைக்குப் போயிருந்தார். குண்டடி பட்டுக் கிடந்த சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் வலிக்கு மருந்தே கேட்கவில்லை. அதே வீராதி வீரர்கள், ஊசி போடுபவர் ரத்தக் குழாயைத் தவறவிட்டால் மட்டும் சத்தம் போட்டார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்று 1946இல் எழுதினார். ஆய்வுக்கூடச் சூட்டை வைத்து, வலி மருந்தான மார்ஃபினின் வேலையை எடைபோட முடியாது என்றும் பின்னாளில் அடித்துச் சொன்னார்.

டோல் அத்தோடு படுத்துவிட்டது. 1975இல் மாண்ட்ரியாலின் ரோனால்ட் மெல்சாக் விளக்கைத் தொடவே இல்லை. குத்துகிறதா, எரிகிறதா, சுண்டி இழுக்கிறதா என்று எழுபத்தெட்டுச் சொற்களைத் தாளில் அச்சடித்து நோயாளி முன் நீட்டினார். இப்போது அதுவும் சுருங்கி, “பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியாகிவிட்டது. டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் எண்ணைச் சொல்லுங்கள். உங்களைத் தவிர அவரிடம் வேறு மீட்டர் இல்லை.